பெருக்கியியல்: சமயநல்லூர் வீடுகளில் பவர் ஆம்ப் மாற்றுதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சமயநல்லூரில் ஒருவர் தம் வீட்டுப் பவர் ஆம்பை மாற்ற நினைத்தால், வீட்டுக்குள் முடிவாகும் முன்பே அது தெருவில் முடிவாகிவிடுகிறது. டீக்கடைக்காரர், டிவி மெக்கானிக், திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர், துபாயிலிருந்து விடுப்பில் வந்த மச்சினன் ஆகிய நால்வரும் நான்கு வாட் அளவுகளைச் சொல்வார்கள். முதலாமவர் சொன்னதைவிட இரண்டாமவர் சொன்னது கூடுதலாக இருக்கும்; நாலாமவர் சொன்னதைக் கேட்டால் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் கேட்டு மின்வாரியத்துக்கு மனுக் கொடுக்க வேண்டியிருக்கும். வாட்டைக் குறைக்கச் சொன்ன ஒரு தகவலாளியும் களஆய்வில் அகப்படவில்லை. இந்த ஏறுமுகம் எதனால் என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல்.

ஆய்வு எல்லை

கிழக்கே பரவை, தெற்கே வைகை, மேற்கே சோழவந்தான். வடக்கே எல்லை வகுக்க இயலவில்லை. கோயில் குழாய் ஸ்பீக்கர் அன்றைக்கு எதுவரை கேட்கிறதோ அதுவே வடவெல்லை என்று கொள்ளப்பட்டது. கால எல்லை, 3055 டிரான்சிஸ்டர் முதல் புளூடூத் வரை. கார்களில் பொருத்தப்படும் ஆம்ப்கள் இவ்வாய்வில் சேரா. அவை ஒலியியலைச் சேர்ந்தவையா, சட்டம் ஒழுங்கைச் சேர்ந்தவையா என்பது தனி ஆய்வுக்குரியது.

கருதுகோள்கள்

ஒன்று, வாட் கூடினால் இனிமை கூடும். இது ஊர்க் கருதுகோள். இரண்டு, வாட் கூடினால் கரண்ட் பில் கூடும். இது வீட்டம்மா கருதுகோள். மூன்று, வாட் கூடினாலும் ஒன்றும் கூடாது. இது ஆய்வாளருடையது. ஆய்வின் இறுதியில் மூன்றுமே சிறிதளவேனும் அடிபடும் என்பதை நெறியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

இயல் ஒன்று: பெருக்கா ஒலிக் காலம்

ஆம்புக்கு முன் தொண்டை இருந்தது. 1933-ல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவருக்கு இணையாக மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசையை எட்டியது சொந்தச் செலவில்தான். அக்கடைசி வரிசையே அக்காலத்தின் அளவுகருவி. ஆய்வு எல்லைக்குள் இருக்கும் பரவையிலேயே அதற்கு அண்மைச் சான்று உண்டு. 2003-ல் ‘தூள்’ படத்தின் வழியே நாடறிந்த பரவை முனியம்மாவின் குரலுக்கு முன்னால் மைக் வைத்தது மரியாதைக்காக என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார்.

இங்கே ஓர் இயற்பியல் குறிப்பு. ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது வெளிப்படும் ஒலியாற்றல் ஏறத்தாழ ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவை வைத்துக்கொண்டுதான் மாமியார் மருமகள் பிணக்குகள் மூன்று வீடு தாண்டிக் கேட்கின்றன. அப்படியிருக்க, பாட்டுக் கேட்க 200 வாட் ஏன் என்ற கேள்வி எழுகிறது.

சினிமா வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1936-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் சிறு திரையரங்குகளுக்கென்று செய்த 91 வகை வால்வு ஆம்ப் தந்தது சுமார் 8 வாட். கொட்டகை முழுக்க அதைக் கேட்டுச் சிரித்தது, அழுதது. 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் ஒரே நேரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து சிவாஜி பேசியதைக் கேட்டார்கள். எத்தனை வாட் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்தவர் எவருமில்லை.

இயல் இரண்டு: வாட்டிலக்கணம்

இப்பொருளுக்கு முன்னூல் கிடைக்காமையால் நூற்பாவையும் உரையையும் ஆய்வாளரே யாத்துள்ளார்.

கேட்ப தொருவாட் டென்மனார் புலவர்
காட்டுவ தொருநூ றாகு மென்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வீட்டில் செலவாகும் வாட்டும் விருந்தினருக்குச் சொல்லப்படும் வாட்டும் ஆமாறு உணர்த்துதல் நுதலிற்று. ‘புலவர்’ என்றது ஆம்ப் வாங்கும் வசதி இல்லாதாரை. இனிக் கணக்கு.

வழக்கமான வீட்டு ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் தரும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பெட்டிகள் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் காதுக்கு வருவது 85 டெசிபல் அளவில் இருக்கும். அந்தச் சத்தத்திலேயே அடுப்படியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்துவிடும். எச்சரிக்கை வராத அளவு 75. அதற்குத் தேவை பெட்டிக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான்.

இதோடு நிறுத்தினால் ஆய்வு நேர்மையற்றதாகிவிடும். இசையில் தவில் அடி, டிரம் அடி போன்ற உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் வரை எகிறும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு ஆற்றல். எனவே சராசரி 75-ல் கேட்பவருக்கு உச்சத்தில் 10 வாட் வேண்டும். சராசரி 85-ல் கேட்பவருக்கு 100 வாட் வேண்டும். 100 வாட் ஆம்ப் வீண் என்ற மூன்றாம் கருதுகோள் இவ்விடத்தில் முதல் அடி வாங்குகிறது.

ஆனால் ஊர் செய்வது வேறு. 40 வாட் ஆம்பைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு 60 வாட் வாங்குகிறது. இதனால் கூடுவது 1.76 டெசிபல். அதைக் கண்டுபிடிக்கக் காதை விடக் கால்குலேட்டர் உதவும். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் ஏறுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். 40 வாட்காரர் 400-க்குப் போக வேண்டும். அதற்குள் ஸ்பீக்கர் கருகியிருக்கும், அல்லது சம்பந்தி உறவு முறிந்திருக்கும்.

இயல் மூன்று: ஊர்வழக்குத் தேர்வு முறைகள்

களஆய்வில் நான்கு முறைகள் கண்டறியப்பட்டன.

முதலாவது தூக்கியறிதல். கடையில் ஆம்பை இரு கையாலும் தூக்கிப் பார்த்து, முகம் சற்றுச் சிவந்தால் வாங்குதல். “கனம் இருக்கணும்ணே, கனம் இல்லாத ஆம்பு ஆம்பே இல்ல” என்றார் தகவலாளி ஒருவர். இதற்கு நியாயம் உண்டு. பழைய முறை ஆம்பில் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்பார்மருடையது. ஆற்றல் அதன் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் அசெம்பிள் செய்த ஆம்ப்களில் செம்புக் கம்பி என்று சொல்லி அலுமினியக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர்களும் வருகின்றன. கம்பி முனையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதேபோல 5200, 1943 என்று நம்பர் அச்சடித்த போலி டிரான்சிஸ்டர்களும் உண்டு. அவை தம் போலித்தன்மையைக் கல்யாண வீட்டன்று வெளியிடும். மறுபுறம், கனத்த டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். வைத்த கிளாஸ்-டி ஆம்ப் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் நூறு வாட்டை நேர்மையாகத் தருகிறது. அதை வாங்கியவர் வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்ட முடியாமல் தவிக்கிறார் என்பது மட்டுமே அதன் குறை.

இரண்டாவது தொட்டறிதல். ஹீட் சிங்க் மீது உள்ளங்கையை வைத்து, சுட்டால் “பவர் இருக்கு” என்றல். இது தலைகீழ்ப் பாடம். சூடு என்பது ஸ்பீக்கருக்குப் போகாமல் வழியில் தங்கிவிட்ட மின்சாரம். கிளாஸ்-பி முறையில் ஏட்டளவில் அதிகபட்சம் 78.5 விழுக்காடு வரை ஸ்பீக்கருக்குப் போகும். கிளாஸ்-ஏ முறையில் ஏட்டளவில்கூடப் பாதிக்கு மேல் தேறாது. மதுரைச் சித்திரை வெயிலில் கிளாஸ்-ஏ ஆம்ப் வைப்பவர், அறைக்குள் இன்னொரு சித்திரையை வைத்தவராவார். மேலும் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் உள்ளிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பத்துப் பதினைந்து வருடத்துப் பழைய ஆம்ப் “உம்ம்” என்று ஹம் அடித்தால் பல நேரம் கோளாறு இந்தக் கண்டன்சரில்தான். ஆம்ப் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்கில் அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் கண்டன்சர் மாற்றியதைத் தெருவில் சொல்லிக்கொள்ள முடியாதாகையால் இவ்வழி பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

மூன்றாவது திருகியறிதல். “பாதித் திருகுலயே அலறுதுண்ணே!” என்பது இம்முறையின் மகாவாக்கியம். வால்யூம் குமிழ் எந்த இடத்தில் நிற்கும்போது சத்தம் வருகிறது என்பது ஆம்பின் பெருக்கு விகிதத்தைப் பொறுத்தது, ஆற்றலைப் பொறுத்ததன்று. 20 வாட் ஆம்பையும் கால் திருகிலேயே அலறவிடலாம். அதற்கு மேல் திருகினால் வருவது சத்தமன்று, சிதைவு. இப்படி உச்சி வெட்டுப்பட்ட ஒலியில் மேல்சுர ஆற்றல் கூடிவிடுவதால் முதலில் உயிர்விடுவது ட்வீட்டர். “பெரிய ஆம்பு போட்டா ஸ்பீக்கர் போயிரும்” என்று அஞ்சுகிற ஊரில், சின்ன ஆம்பை முழுக்கத் திருகிப் பறிகொடுத்த ட்வீட்டர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான்காவது தெருவறிதல். ஆம்பைப் போட்டுவிட்டு ஒரு பையனைத் தெருமுனைக்கு அனுப்பி, “கேக்குதாடா?” என்று கத்துதல். பையன் “கேக்குது!” என்று பதில் கத்துவான். அவனுக்குக் கேட்டது பாட்டா, கத்தியதா என்பது ஆய்வு முறையியலில் தீர்க்கப்படாத ஐயம்.

இயல் நான்கு: பி.எம்.பி.ஓ. எனும் காப்பிய மரபு

புலவர்கள் மன்னனின் யானைகளை ஆயிரம் என்று பாடிய மரபின் தொடர்ச்சி, டேப் ரெக்கார்டர் பெட்டி மேல் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. எனும் ‘உச்ச இசை ஆற்றல்’ ஆகும். அதற்கென்று ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அச்சகத்தில் எவ்வளவு சுழியம் இருந்ததோ அவ்வளவு வாட். 12 வோல்ட், ஒரு ஆம்பியர் அடாப்டரில் ஓடும் செட்டுக்கு 2000 வாட் என்று போட்டிருப்பார்கள். உள்ளே போவதே 12 வாட்.

இதை உண்மை என்று வைத்துக்கொண்டு ஊர் அளவில் சோதித்துப் பார்ப்போம். சமயநல்லூரில் 2001-ல் ஓடத் தொடங்கிய தனியார் எண்ணெய் மின் நிலையத்தின் திறன் 106 மெகாவாட். 2000 வாட் செட்டுகள் 53,000 ஒரே நேரத்தில் பாடினால் அந்த நிலையம் அத்தோடு தீர்ந்தது. மதுரைக்கு ஒரு பல்புகூட மிஞ்சாது. தீபாவளிக்குத் தீபாவளி அத்தனை செட்டும் பாடத்தான் செய்தன. மதுரையில் பல்பும் எரிந்தது. எனவே பி.எம்.பி.ஓ. பொய் என்பது தேற்றம்.

ஆர்.எம்.எஸ். வாட், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரும் ஆற்றல், ஓரளவு நம்பத்தக்கது. அதிலும் எத்தனை ஓம்ஸில், எவ்வளவு சிதைவில், ஒரு சேனலா இரண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய புளுகுகளுக்குக் கடிவாளமாகத்தான் அமெரிக்கா 1974-ல் வீட்டு ஆம்ப்களின் வாட் விளம்பரத்துக்கே தனி விதி கொண்டுவந்தது. நம் பக்கம் அந்தப் பொறுப்பு இன்னும் மெக்கானிக்கின் மல்டிமீட்டரிடமே இருக்கிறது.

மல்டிமீட்டர் இன்னொரு உண்மையையும் சொல்லும். 230 வோல்ட்டுக்குச் செய்த சாதாரண டிரான்ஸ்பார்மர் ஆம்ப், சாயங்கால லோ வோல்டேஜில் 190-க்கு இறங்கினால் அதன் உச்ச ஆற்றல் வோல்ட்டின் இருமடி விகிதத்தில் சரியும். 100 வாட் 68 ஆகிவிடும். அதாவது காலையில் வாங்கிய ஆம்ப் இரவில் வேறு ஆம்ப். 2012-ன் மின்வெட்டில் அதே ஆம்பின் ஆற்றல் நாளில் பாதிக்கு மேல் சுழியமாக இருந்ததையும் வரலாற்றுணர்வோடு நினைவுகூர்தல் வேண்டும்.

இரண்டாம் கருதுகோளையும் இங்கேயே முடித்துவிடலாம். சாதாரண 100 வாட் ஆம்ப் வீட்டளவுச் சத்தத்தில் சுவரிலிருந்து இழுப்பது 40 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டம்மா கருதுகோள் தோற்றது. இம்முடிவை வீட்டில் தெரிவிக்கும் பொறுப்பை ஆய்வாளர் ஏற்கவில்லை.

இயல் ஐந்து: அகமும் புறமும்

ஏறுமுகத்தின் காரணம் இவ்வியலில்தான் அகப்படுகிறது. வீட்டுக்குள் தான் கேட்பது அகம். ஊருக்குக் கேட்க வைப்பது புறம். சமயநல்லூரில் ஒருவர் ஒலியை முதன்முதலில் அறிவது புறத்தில்தான். காதுகுத்து, பூப்பு நீராட்டு, ஆடி மாதக் கூழ் என்று எதற்கும் விடியற்காலையில் சீர்காழியும் பகலில் எல்.ஆர். ஈஸ்வரியும் குழாய் வழியே வந்து எழுப்பி வளர்த்த காது அது. அகத்துக்கு ஆம்ப் வாங்கப்போகும்போதும் அந்தக் காது புறத்தின் இலக்கணத்தையே கையில் எடுத்துச் செல்கிறது. டிவி மெக்கானிக் சொன்ன வாட்டின்மேல் மச்சினன் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது இதனால்தான்.

ஆனால் புறத்தின் ரகசியம் வாட்டில் இல்லை. வீட்டுப் பெட்டி 87 டெசிபல் தருகிற ஒரு வாட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் 105-க்கு மேல் தரும். வித்தியாசம் 18 டெசிபல்; அதை ஆம்பை வைத்து ஈடுகட்ட வேண்டுமென்றால் 63 மடங்கு வாட் வேண்டும். வீட்டுப் பெட்டி தான் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு விழுக்காட்டைத்தான் ஒலியாக்குகிறது. மீதி முழுவதும் உள்ளேயே சூடாகிறது. அகூஜா ஆம்பை வைத்துக்கொண்டு அடுத்த ஊரை எழுப்புகிற மைக் செட்காரருக்கு இது தெரியும். “நம்ம ஆம்பு சின்னதுதாம்ப்பா. குழாயத்தான் மரத்து உச்சில கட்டிருக்கேன்ல” என்றார். ஆய்வு முழுவதிலும் கிடைத்த மிகத் துல்லியமான தரவு இதுவே. அவரும் டீக்கடையில் மற்றவருக்குப் பரிந்துரைக்கும்போது மட்டும் 250 வாட் என்றுதான் சொல்கிறார்.

இதன் அகப்பொருள்: 87 டெசிபல் பெட்டியை எடுத்துவிட்டு 90 டெசிபல் பெட்டி வைத்தால், ஆம்பை இரட்டிப்பாக்கிய பலன் ஆம்பைத் தொடாமலே வந்துவிடும். பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, மொசைக் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி வைத்தால் தெளிவும் கூடும். ஜமுக்காளத்துக்கு வாட் கிடையாதாகையால் அதை எவரும் பரிந்துரைப்பதில்லை.

அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர் மட்டுமன்றிச் சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். சொந்த ஆம்பின் சத்தம் வீட்டு எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. திண்டுக்கல் சாலையின் லாரி ஹார்ன்களையும் சமயநல்லூரில் நிற்காமல் போகும் வைகை எக்ஸ்பிரஸையும் எதிர்த்து வாட் ஏற்றுபவர், அவற்றுக்கு இவ்விதி பொருந்துமா என்று கேட்டு வழக்காடலாம். வைகை எக்ஸ்பிரஸ் 1977 முதல் ஓடுகிறது. ஆம்ப் பின்னால் வந்ததாகையால் மூத்தோர்க்கு வழிவிடுதல் முறை.

இயல் ஆறு: சங்கப் பலகைச் சோதனை

தகுதியுள்ள நூலுக்கு மட்டும் இடம் கொடுத்த சங்கப் பலகை மதுரைக்கு உரியது. பலகை, பாடியவரின் பெயரையும் விலையையும் பார்க்கவில்லை என்பதே அதன் பெருமை. ஆம்புக்கும் அப்படியொரு பலகை உண்டு. கண்ணை மறைத்துக் கேட்டல் என்பது அதன் பெயர். 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவியூ’ என்ற அமெரிக்க இதழ், 220 டாலர் ஆம்ப் முதல் 12,000 டாலர் ஆம்ப் வரை சத்த அளவைச் சமமாக்கி, எது எதுவென்று சொல்லாமல் 25 பேருக்குப் போட்டுக்காட்டியது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட மேலாக அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆடியோ உலகில் அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. தோற்றவர்கள் காதைக் குறை சொன்னார்கள், சிலர் ஸ்விட்ச்சைக் குறை சொன்னார்கள். நக்கீரர் வழக்கும் எளிதில் ஓயவில்லை அல்லவா?

சமயநல்லூரில் இதைச் செய்யும் முறை வருமாறு. கடைக்காரரிடம் “வீட்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்றேண்ணே” என்று புது ஆம்பை வாங்கி வருக. ஒரே சுரம் தொடர்ந்து ஒலிக்கும் ஒலிப்பதிவைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரண்டு ஆம்பிலும் ஒரே அளவு காட்டும்வரை குமிழைத் திருகுக. 8 ஓம்ஸ் பெட்டிக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். இந்தப் படி மிக முக்கியம். கால் டெசிபல் கூடுதலாக இருக்கும் ஆம்பைக் காது “இனிமை” என்று சொல்லிவிடும், கடைகளில் விற்கப்படும் இனிமையில் பெரும்பகுதி இதுவே. பிறகு நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, விடை தெரிந்தாலும் முகத்தில் காட்டாத ஒருவரை ஆம்ப் மாற்ற அமர்த்துக. இக்குணமுள்ளவர் வீட்டில் எப்போதும் அப்பத்தாவே.

ஆய்வு முடிவுகள்

ஊர்க் கருதுகோள் முக்கால்வாசி தோற்றது. வீட்டம்மா கருதுகோள் கணக்கில் தோற்றது, அதிகாரத்தில் தோற்கவில்லை. ஆய்வாளர் கருதுகோள் பாதி நின்றது: ஆம்பை மாற்றுவதால் பலன் உண்டு, ஆனால் சில நோய்களுக்கு மட்டும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்திலேயே தவில் அடி உடைந்து கேட்டால், 4 ஓம்ஸ் பெட்டி போட்டதும் ஆம்ப் சூடேறி நின்றுவிட்டால், கண்டன்சர் மாற்றியும் ஹம் நிற்காவிட்டால், மாற்றுக. அப்போதும் 40-லிருந்து 60-க்குப் போகாமல் ஒரேயடியாக 100-க்குப் போகவும். 8 ஓம்ஸில், இரண்டு சேனலும் ஓடும்போது, ஆர்.எம்.எஸ். கணக்கில். ஆன் செய்ததும் சற்றுப் பொறுத்து “டிக்” என்று ரிலே போடும் ஆம்பாகப் பார்த்து வாங்கினால் பெட்டிக்குப் பாதுகாப்பு. இந்த மூன்று நோயும் இல்லாதவர் காசைப் பெட்டியில் போடுக. பெட்டியும் நன்றாக இருந்தால் ஜமுக்காளத்தில் போடுக. ஜமுக்காளமும் இருந்தால் பேசாமல் பாட்டுக் கேளுங்கள்.

இவ்வளவு படித்த பின்னும் 500 வாட்தான் வாங்குவேன் என்பவரைத் தடுக்க எந்த ஆய்வுக்கும் வலுவில்லை. அவர் தாராளமாக வாங்கலாம். இரவு பத்து மணிக்குள் சோதித்து முடித்துக்கொண்டால் பரவைக்காரர்கள் நன்றியுடையவர்களாவார்கள்.